முதல் ஆணியில் தொங்கிய பை

அத்தியாயம் 4

சாவியைத் திருடுகிறவன் வண்டியை எடுத்துக்கொண்டு போவான். உலக வழக்கம் அது. திருப்பூர் மண்ணரையில் ஆத்தப்பனுடைய பனியன் கம்பெனியில் மட்டும் சாவி காணாமல் போனது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

நாகஜோதி ஸ்கூட்டரை வேன் ஷெட்டின் நிழலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினாள். அது அவள் கணவர் சென்னியப்பனின் ஸ்கூட்டர். வீட்டு முன்னால் தொங்கும் 'சென்னியப்பன் துப்பறியும் நிலையம்' என்ற பலகையும் அவருடையதுதான். ஆள் போன பிறகு பலகையில் பெயரை மாற்றும்படி பலர் சொன்னார்கள். பெயின்டர்கூட டப்பாவோடு வந்து நின்றார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். பலகையோடு சேர்ந்து அவளுக்கு வந்த இன்னொரு சொத்து, பின்சீட்டிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிய தங்கதுரை. சென்னியப்பனுக்கு உதவியாளனாக இருந்தவன். சம்பளம்தான் உதவியாளனுக்கு, வாய் முதலாளிக்கு.

ஆத்தப்பன் தன் அறையில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, பிறகுதான் பேச ஆரம்பித்தார். ஏற்றுமதி அவசரம் வந்தால் ஞாயிறும் தையல் ஓடும். ஆட்களைக் கூட்டிவர ஒரு வண்டி போகும். மற்ற வண்டிகள் அன்றைக்கு வாட்டர் சர்வீசுக்குப் போய்விடும். அந்த ஒரு வண்டியின் சாவிதான் கொஞ்ச வாரங்களாக ஞாயிறு விடிந்தால் மாயமாகிறது. திங்கட்கிழமை பார்த்தால் சாவிப் பலகையில் தன் இடத்தில் சாதுவாகத் தொங்கும். மாற்றுச் சாவி லாக்கரில் இருக்கிறது. லாக்கர் சாவி கணக்குப்பிள்ளையிடம். கணக்குப்பிள்ளை ஞாயிறானால் காங்கேயத்தில் மாமியார் வீட்டில்.

போன் போட்டால் வந்துவிட மாட்டாரா என்று தங்கதுரை கேட்டான்.

"மாமியார் ஊட்டுல அவரு போனை எடுக்க மாட்டாருங்க" என்றார் ஆத்தப்பன். "எங்க போனு, எங்க ஆர்டரு, எல்லாம் அவருக்குக் கறிக்குழம்புக்கு அப்பறம்தானுங்க."

நேற்று ஞாயிறு. ஆட்கள் வந்து சேராமல் சரக்கு தேங்கி, கன்டெய்னர் வாசலில் காத்துக்கிடந்தது. வண்டி இன்சார்ஜ் சிவராஜ் ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டியதில் சாவி அகப்பட்டுவிட்டது. டிரைவர் முனீஸின் சோற்றுப் பைக்குள் இருந்தது. முனீஸ் மறுக்கவில்லை. "ஆமாங்க, என் பைதான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குமேல் நேற்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் அவனை வெளியே அனுப்புவதாக ஆத்தப்பன் முடிவு செய்திருந்தார்.

"அவஞ் சம்சாரத்துக்கு இது நெறமாசமுங்க" என்றாள் அவர் மகள் கீர்த்தனா. நாகஜோதிக்குப் போன் செய்து வரவழைத்தவள் அவள்தான். "சாவி திருடுனவன்னு பேரு வெச்சு அனுப்பிட்டா, இந்தத் திருப்பூர்ல எவன் அவனை நம்பிச் சாவி குடுப்பான்? அப்பாவுக்குக் கோவம். எனக்கு என்னமோ தப்பு நான் போட்ட ரூல்லதான் இருக்குதுன்னு தோணுதுங்க்கா."

கீர்த்தனா விமானம் ஓட்டுகிறவள். துணை பைலட். லீவில் வந்தபோது டிரைவர்களுக்குள் தினமும் நடக்கும் சண்டையைப் பார்த்துவிட்டு, தன் ஏர்லைனில் இருக்கும் முறையை அப்படியே கொண்டுவந்து ஷெட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மூத்தவர் முதலில் தனக்குப் பிடித்த ரூட்டை எடுத்துக்கொள்வார். அவர் விட்டதில் அடுத்தவர். இப்படியே இறங்கி இறங்கி, எல்லோரும் ஒதுக்கிய எலும்பு கடைசி ஆளுக்கு. லீவு நாளில் அவசர வேலை வந்தால் இரட்டைச் சம்பளம். அதையும் மேலிருந்துதான் கேட்டு வருவார்கள். வேண்டாமென்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, கடைசி ஆளைத் தவிர. மூத்தவருக்கு அது ஓவர்டைம், கடைசி ஆளுக்கு அது உத்தரவு.

"நான் இன்னும் அங்க கடைசிப் பக்கந்தானுங்க" என்றாள் கீர்த்தனா. "வேலைக்குச் சேந்ததுல இருந்து தீபாவளிக்கெல்லாம் வானத்துலதான்."

"மேல இருந்து பாத்தா பட்டாசு நல்லாத் தெரியுமுங்களே" என்றான் தங்கதுரை.

இன்னொரு விதியும் இருந்தது. கூப்பிட்ட பைலட் வந்து சேர்ந்த பிறகு பனிமூட்டத்தால் விமானம் கிளம்பாவிட்டாலும் அவருக்குச் சேர வேண்டியது சேரும். வந்தது வந்ததுதான். இங்கேயும் அப்படியே. வண்டி நகராவிட்டாலும் வந்து நின்ற டிரைவருக்கு இரட்டைச் சம்பளம். ஆத்தப்பன் கையை விரித்தார். ஞாயிறுதோறும் மாட்டிக்கொள்கிறவன் கடைசி ஆளான முனீஸ். சாவி இல்லையென்றால் வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டே சம்பளம் வாங்குகிறவனும் முனீஸ். சாவி கிடைத்ததும் அவன் பையில். துப்பறிய இதில் என்ன இருக்கிறது என்று அவர் பணிவாகத்தான் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுங்க" என்றாள் நாகஜோதி. "ஆறேழு பேரு இருக்கறாங்க. இரட்டைச் சம்பளத்தை ஒருத்தர்கூடவா வேண்டாங்கறாங்க? அதுவும் வாராவாரம்?"

ஆத்தப்பன் மோர் டம்ளரைப் பார்த்தார். அவர் அதை யோசித்திருக்கவில்லை.

மேசைமேல் சாட்சியாக அந்தப் பை கிடந்தது. கருநீல பனியன் துணியில் தைத்து, சட்டைக் காலருக்கு வைக்கும் மஞ்சள் ரிப்பைத் தோள்வாராகப் போட்ட பை. வெட்டுத் துணியில் வீட்டுக்கு வீடு பை தைக்கிற ஊர்தான் இது. இருந்தாலும் காலர் ரிப்பில் வார் போடுவது ஒரு தனிக் குறும்பு. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஷெட்டில் முனீஸ் ஒரு பழைய சீட்டின்மேல் உட்கார்ந்திருந்தான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். முன்னால் சாப்பாட்டுப் பாத்திரம் திறந்தபடி இருந்தது, கை வைக்கவில்லை. பக்கத்தில் ஒரு பை. கருநீலத் துணி, மஞ்சள் ரிப். தங்கதுரை அதைத் தூக்கிப் பார்த்து, திருட்டுப்பை மேசைமேல் இருக்கிறதே, இது அதன் அண்ணனா தம்பியா என்று கேட்டான். வீட்டில் தைப்பாள் என்று மட்டும் சொன்னான் முனீஸ்.

நாகஜோதி அவனிடம் அதிகம் கேட்கவில்லை. சாவியை நீதான் எடுத்தாயா என்று கேட்டாள்.

"பை என்னுதுங்க" என்றான் அவன்.

சாவியை எடுத்தது யார் என்று மறுபடியும் கேட்டாள். பை என்னுடையது என்று மறுபடியும் சொன்னான். பொய் சொல்ல வராதவர்கள் இப்படித்தான், உண்மையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள் என்று சென்னியப்பன் சொல்வதுண்டு.

தங்கதுரையின் கண் பாத்திரத்தைவிட்டு அகலவில்லை. அதைக் கவனித்த முனீஸ் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினான். "சாப்புடுங்கண்ணே. எனக்கு எறங்க மாட்டேங்கு."

விசாரணைக்காக என்று சொல்லிக்கொண்டு தங்கதுரை சாப்பிட்டான். பருப்பும் அரிசியும் முருங்கைக்கீரையும் காய்களும் சேர்த்துக் குழைய வேகவைத்த கூட்டாஞ்சோறு, தொட்டுக்கொள்ள கூழ்வற்றல். உப்பு ஒரு கல் தூக்கல், மற்றபடி சாட்சி நம்பகமானது என்று அறிக்கை கொடுத்தான்.

அடுத்தது சிவராஜ். தான் சாவியைக் கண்டுபிடித்த விதத்தை அவர் நடித்தே காட்டினார். இங்கே குனிந்தார், அங்கே எட்டிப் பார்த்தார், சுவரோரம் வந்து இரண்டு கையாலும் காற்றைப் பிடித்தார்.

"பையைத் தொட்டா நழுவிட்டே இருக்குதுங்க. ஃபேனை நிறுத்துங்கடான்னு ஒரு சத்தம் போட்டுட்டு, ஆடிட்டு இருந்ததை இப்படி ஒரே அமுக்கா அமுக்குனேன். உள்ளார கலகலன்னுச்சு. சாவி."

நாகஜோதி அண்ணாந்து பார்த்தாள். ஷெட் நீளமானது. சுவரில் வரிசையாக எட்டு ஆணிகள், எட்டு டிரைவர்களுக்கு. ஃபேன் ஒன்றே ஒன்றுதான், ஒரு கோடியில். மறுகோடியில் தகரக் கூரை ஒழுகிச் சுவர் பச்சை பிடித்திருந்தது.

ஆணிகளில் யாருக்கு எது என்று அவள் கேட்டாள். சிவராஜுக்குச் சிரிப்பு வந்தது. அதையெல்லாம் தனியாகச் சொல்ல வேண்டுமா, ரூட் எப்படியோ ஆணியும் அப்படித்தான், மூத்தவருக்கு ஃபேனடி, கடைசி ஆளுக்கு ஒழுகல் என்றார்.

தங்கதுரை தோளில் கிடந்த துண்டை உருவி, போய்க் கடைசி ஆணியில் மாட்டினான். சிவராஜ் ஃபேனைப் போட்டார். துண்டு செத்த கோழிபோல் தொங்கியது. முழு வேகம் வைத்தும் ஒரு நூல் அசையவில்லை. பிறகு முதல் ஆணியில் மாட்டினான். துண்டு கரகம் ஆடியது.

"அக்கா, துண்டு சாட்சி சொல்லிருச்சு" என்றான்.

பை எந்த ஆணியில் இருந்தது என்று நாகஜோதி சிவராஜைக் கேட்டாள். சிவராஜ் ஆணிகளைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். நடித்துக் காட்டிய இடத்துக்கே திரும்பவும் போய் நின்றார். முதல் ஆணிக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"நான் ஆணியைப் பாக்கலீங்க, பையைத்தான் பாத்தேன்" என்றார் மெல்ல. "அந்தப் பை முனீஸோடதுன்னு ஷெட்டுக்கே தெரியுமுங்க. அவனும் ஆமான்னுட்டான். ஆனா இந்த ஆணி பொன்னுச்சாமி அண்ணனோடதுங்க. இதுல நாங்க யாரும் கை வெக்கறதில்லை."

பொன்னுச்சாமிதான் வரிசையில் முதல்வர். கம்பெனி ஒற்றை வேன் வைத்திருந்த காலத்திலிருந்து இருக்கிறவர். அவர் எந்த ரூட் ஓட்டுகிறார் என்று கேட்டபோது கீர்த்தனாவே கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். பல்லடம். இருட்டோடு எழுந்து ஊர் ஊராக ஆள் ஏற்ற வேண்டும். அவர்களை இங்கே இறக்கிவிட்டு மறுபடி பல்லடம் போய், வெளியே தைக்கக் கொடுத்த துணி தயாராகும்வரை பகலெல்லாம் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும். போன வருஷம்வரை எல்லோரும் கடைசி ஆள் தலையில் கட்டிய ரூட் அது. இந்த வருஷம் அவராகவே முதலில் கை தூக்கி அதை எடுத்துக்கொண்டாராம்.

"முதல் பந்தியில முதல் இலையில உக்காந்துட்டு, எனக்கு ரசம் மட்டும் போதும்னாராக்கும்" என்றான் தங்கதுரை.

"அப்ப வடை யாருக்குன்னு பாக்கோணும். ஏறு" என்றாள் நாகஜோதி, ஸ்கூட்டரைக் கிளப்பியபடி.

பல்லடம் போகிற வழியெல்லாம் தங்கதுரை பின்னாலிருந்து வழக்கை நடத்திக்கொண்டே வந்தான். மூத்தவர் திருடினார், இளையவன் தலையில் பழி. ஆனால் எதற்கு? இரட்டைச் சம்பளம் வேண்டுமென்றால் அவர் 'சரி' என்றாலே போதும், முதலில் கேட்பதே அவரைத்தான். முனீஸைத் துரத்த நினைத்தாலும் அவருக்கு ஒரு லாபமுமில்லை. அவன் போனால் அவனுக்கு மேலே இருப்பவன் கடைசியாவான், அவ்வளவுதான். லாபமே இல்லாத திருட்டு. பேருந்துகளின் ஹாரன் பாதி வழக்கை விழுங்கிவிட்டது.

பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம், ஒரு டீக்கடை வேப்பமரத்தடியில் கம்பெனி வேன் நின்றது. அதன் படியில் உட்கார்ந்து பொன்னுச்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, விறைப்பான காக்கிச் சட்டை. நாகஜோதி தான் யாரென்று சொல்ல வாயெடுப்பதற்குள் தங்கதுரை அவள் முழங்கையைத் தொட்டான்.

"அக்கா, இந்தச் சோத்தை நான் ஏற்கெனவே தின்னுட்டேன்."

கூட்டாஞ்சோறு. கூழ்வற்றல். பெரியவர் பக்கத்தில் கருநீலத் துணியில், மஞ்சள் ரிப் வாரோடு ஒரு பை.

நாகஜோதி அந்த மூன்றாவது பையையே பார்த்தாள். சென்னியப்பனோடு சண்டை போட்ட நாட்கள் அவளுக்கு நினைவு வந்தன. பேச்சு நின்றுவிடும், காபி நிற்காது. அவள் கொண்டுபோய் மேசைமேல் வைப்பாள், அவர் செய்தித்தாளுக்கு மேலாக டம்ளரை எடுப்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்யலாம்.

வணக்கம் சொல்லி, சமையல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"உப்பு கூடிப்போச்சு" என்றார் அவர் யோசிக்காமல். "முன்னெல்லாம் கை அளவா இருக்கும். வயித்துல பிள்ளையோட நிக்கவளுக்கு நாக்கு எப்படித் தெரியும்."

சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீங்கள் யார், என்ன வேண்டும் என்று கடுமையாகக் கேட்டார்.

நாகஜோதி சுற்றி வளைக்கவில்லை. நேற்று சாவி அகப்பட்டதையும், முனீஸ் ஒப்புக்கொண்டதையும், இன்று சாயங்காலத்தோடு அவனுக்கு வேலை இல்லை என்பதையும் சொன்னாள்.

பெரியவரின் கை பாத்திரத்திலேயே நின்றது. "அவன் ஒத்துக்கிட்டானா?"

"பை என்னுதுதான்னு சொல்றானுங்க. வேற ஒரு வார்த்தை வாயில வரலை."

பொன்னுச்சாமி மிச்சச் சோற்றை மூடினார். கை கழுவினார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் வேனில் ஏறிக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். துணி ஏற்றக்கூட நிற்கவில்லை.

குற்றவாளி தப்பிக்கிறான் என்று தங்கதுரைக்கு ஒரே உற்சாகம். இத்தனை வருஷத்தில் அவன் பார்க்கும் முதல் துரத்தல் இது. வேகம், வேகம் என்று நாகஜோதியின் தோளைத் தட்டினான். முன்னால் வேன் நாற்சந்திக்கு வந்தது. உடுமலை சாலை திறந்து கிடந்தது, கோவை சாலையும் கிடந்தது. வேன் திருப்பூர்ப் பக்கம் திரும்பியது. திரும்புவதற்கு முன் முறையாக மஞ்சள் விளக்கு மினுக்கியது.

நாகஜோதி வேகத்தைக் குறைத்தாள். "தப்பிச்சுப் போறவன் இண்டிகேட்டர் போட மாட்டான். மெதுவாப் போலாம், இடுப்பைப் புடிச்சுக்க."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஷிப்ட் முடிந்து மற்ற வண்டிகளும் ஷெட்டுக்கு வந்திருந்தன. நடுவில் ஆத்தப்பன் நின்றார். அவர் முன்னால் ஒரு பக்கம் முனீஸ், இன்னொரு பக்கம் பொன்னுச்சாமி.

சாவியை எடுத்தது நான்தான் என்று பொன்னுச்சாமி சொன்னார். இல்லை, நான்தான் என்றான் முனீஸ். இதுவரை வாயே திறக்காதவன் இப்போது அவரை முந்திக்கொண்டு பேசினான். அவருக்கு வயதாகிவிட்டது, ஏதோ உளறுகிறார், முதல் இடத்திலிருந்து இறக்கிவிட்டால் வேறு எந்தக் கம்பெனியிலும் போய் வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும், அவரை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினான்.

"ஒரு சாவிக்கு ரெண்டு திருடங்க" என்றான் தங்கதுரை. "நமக்கு ரெண்டு பில்லுப் போடலாமுங்களாக்கா?"

நாகஜோதி ஆத்தப்பனிடம் ஒரு கேள்வி கேட்டாள். "உங்க தோட்டத்துக்கு வாய்க்காத் தண்ணி பாயுதுங்களே. நீங்க தலைமடையா, கடைமடையா?"

"கடைமடைங்க. அந்தப் பாட்டை ஏன் கேக்கறீங்க."

"மேல இருக்கறவங்க அவங்க மடையை அடைச்சாத்தான் உங்களுக்குத் தண்ணி வரும். சரிங்களா?"

"அடைச்சாத்தானே."

"இங்க ஒருத்தரு அடைச்சிருக்கறாருங்க."

ரூட்டில் எல்லோரும் ஒதுக்குவது வழிந்து வழிந்து கடைசி ஆளிடம் வரும். அதனால் மோசமான பல்லடத்தை முதல் ஆளே எடுத்துக்கொண்டால், அது முனீஸ் தலையில் விழாது. ஞாயிற்றுக்கிழமை இரட்டைச் சம்பளம் முனீஸுக்குப் போய்ச்சேர வேண்டுமென்றால் மேலே இருக்கிற எல்லோரும் வேண்டாமென்று சொல்ல வேண்டும். சொல்லவும் செய்தார்கள். ஆனால் வேலை அவனுக்கு வந்தால் அவன் வண்டி எடுத்துப் போக வேண்டும், வீட்டில் மாசமான மனைவி தனியாக இருப்பாள். அதற்குத்தான் பனிமூட்டம். சாவி என்கிற பனிமூட்டம். வண்டி கிளம்பாது, சம்பளம் நிற்காது, முனீஸ் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விடுவான். இத்தனையும் நாகஜோதி சொல்லி முடித்தபோது கீர்த்தனா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவமே. ஏர்லைன்ல இத்தனை பேரு இருக்கறோம், எங்களுக்கு ஒருத்தருக்கும் இது தோணலியே" என்றாள்.

ஆத்தப்பன் மற்ற டிரைவர்கள் பக்கம் திரும்பினார். இரண்டாவது இடத்துக்காரரான மகுடேஸ்வரன் தொண்டையைச் செருமினார். பொன்னுச்சாமி அண்ணன் நல்ல ரூட்டையெல்லாம் தங்களுக்கு விட்டுக்கொடுத்தாராம், பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்.

"ஞாயித்துக்கெழமை கேட்டா வேண்டாம்னு சொல்லோணும்னாருங்க. எதுக்குன்னு நாங்க கேக்கலை. அண்ணன் சொன்னா கேக்கறதுதானுங்க பழக்கம்."

"முனீஸ் உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று ஆத்தப்பன் பெரியவரைக் கேட்டார்.

பொன்னுச்சாமி ஃபேனைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "ஜோதிகா எம் மக. என் பேச்சை மீறி இவனைக் கட்டிக்கிட்டா. உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். சொன்ன சொல்ல எப்படிய்யா திரும்ப எடுக்க?"

"தினமும் அவ சமைச்ச சோத்தைத் திங்கறீங்களே" என்றாள் நாகஜோதி.

"சோத்துக்கு மூஞ்சி கிடையாதுல்லா" என்றார் பெரியவர்.

விடிந்ததும் முனீஸ் எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் ஆணியில் சோற்றுப் பையை மாட்டிவிட்டு, காலிப் பையை எடுத்துப் போவான். இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சாவியைக் காலிப் பையில் போட்டு மாட்டிவிட்டுப் போனால் போதும், என் ஆணியில் எவன் கைவைப்பான் என்று பொன்னுச்சாமி நம்பிக்கையாக இருந்திருக்கிறார். அது முனீஸின் பைபோலவே இருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. திங்கட்கிழமைகளில் மாப்பிள்ளைக்கும் முந்தி வந்து சாவியைப் பலகையில் மாட்டிவிடுகிறவர், இன்று காலை பிந்திவிட்டார்; பையைக் காணாதபோதும், மாப்பிள்ளைதான் எடுத்துப் போயிருப்பான், கேட்க வேண்டுமென்றால் பேச வேண்டுமே என்று சோற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முனீஸுக்கோ பையைப் பார்த்த கணமே எல்லாம் புரிந்துவிட்டது. அதனால்தான் பை என்னுடையது என்று மட்டும் சொன்னான். அது உண்மையும்கூட. தைத்தவள் அவன் மனைவிதானே.

ஆத்தப்பன் முனீஸிடம் போய் வண்டியைக் கழுவு என்றார். வேலை போகவில்லை என்பதற்கு அவர் பாஷையில் அதுதான் அர்த்தம். பிறகு பெரியவரிடம் வந்தார்.

"கன்டெய்னர் காத்துக் கெடந்துச்சுங்க. தப்புன்னா தண்டனை உண்டு. முதல் ஆணி இனி உங்களுது இல்லீங்க. கடைசி ஆணிக்குப் போயிருங்க."

அப்பா என்று ஏதோ சொல்ல வந்த கீர்த்தனா பாதியில் நிறுத்திக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். கடைசி ஆளால் ஞாயிற்றுக்கிழமையை மறுக்க முடியாது. இனி ஞாயிறு உத்தரவு பெரியவருக்குத்தான். முனீஸ் வேண்டாமென்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்கலாம்.

"அக்கா, இது தண்டனையா, வளைகாப்புச் சீரா?" என்று தங்கதுரை காதோடு கேட்டான்.

ஆத்தப்பன் காதில் அது விழுந்துவிட்டது. தனக்குக் கணக்கெல்லாம் வராது, அதெல்லாம் ப்ளேன் ஓட்டுகிறவர்கள் பாடு என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

வரிசை மாறியதால் ரூட்டும் மறுபடி எடுத்தாக வேண்டும். அங்கேயே, ஆணிகளுக்கு முன்னால் நின்று எடுத்தார்கள். மகுடேஸ்வரன் ஃபேனடிக்குப் போனவர், காற்று தன்மேல் படக்கூடாது என்பதுபோல் ஒதுங்கி நின்றார். அவர் அவிநாசிப் பக்கம் எடுத்தார். அடுத்தவர் மங்கலம். இப்படி ஒவ்வொருவராகக் கேட்க, இருப்பதிலேயே சுகமான மண்ணரை உள்ளூர் ரூட் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அப்படி ஒரு ரூட் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும் என்பதுபோலக் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் மிஞ்சியது இரண்டு. மண்ணரை, பல்லடம். எடுக்க வேண்டியவர்களும் இரண்டு பேர். முதலில் முனீஸ்.

முனீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, பல்லடம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

சிவராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டு வாசலில் ஓடுகிற ரூட்டை விட்டுவிட்டு யாராவது பல்லடம் கேட்பார்களா, யோசித்துச் சொல் என்றார். முனீஸ் அவரைப் பார்க்கவில்லை. முதல் தடவையாகப் பொன்னுச்சாமிக்கு நேராகத் திரும்பி நின்றான்.

"மண்ணரை வண்டி எங்க லைன் வீட்டு முன்னாலதான் திரும்பணும் மாமா. ஹாரன் அடிக்காம அங்க திருப்ப முடியாது. அடிச்சா அவ வெளிய வந்து எட்டிப் பாப்பா."

பெரியவர் குறுக்கிட்டார். "நான் அவ மூஞ்சில..."

"நீங்க பாக்காண்டாம். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க. அவ பாத்துக்கிடட்டும்."

பொன்னுச்சாமி, வந்ததும் முதல் ஆணியில் மாட்டியிருந்த தன் துண்டை எடுத்தார். நீளமான ஷெட்டை மெதுவாக நடந்து கடந்து, ஒழுகல் சுவரில் கடைசி ஆணியில் அதை மாட்டினார். அங்கிருந்தபடியே, திரும்பாமல் கேட்டார்.

"அந்தத் திருப்பம் ரொம்பக் குறுகலோ?"

"ரொம்பக் குறுகல் மாமா" என்றான் முனீஸ். "நின்னு நின்னுதான் திருப்பணும்."

அவர் தலையை ஆட்டினார். சாவிப் பலகையிலிருந்து மண்ணரை வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நாகஜோதி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் அந்த வண்டியின் ஹாரன் ஒருமுறை ஒலித்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை, முன்னதைவிட மென்மையாக.

"பழகிப் பாக்கறாருங்கக்கா" என்றான் தங்கதுரை, பின்சீட்டில் ஏறியபடி.